பி. ரம்லியும் அவருக்குப் பின்னால் நின்ற நம்மவர்களும்

ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் நம் நாட்டுக் கலைஞர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பி. ரம்லி என்று கரும்பலகையில் எழுதியதும் பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இவரு நம்ம ஆளுங்களா?" என்று கேட்டான். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். "நம்மள மாதிரியே முன்னால ஒரு எழுத்து போட்டிருக்காரே! அவங்க அப்பா பேரு பெருமாளா, டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பையன் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று தோன்றியது. அந்த எழுத்து உண்மையிலேயே தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான். தகப்பனார் பெயர் தெக்கு ஞாக் பூத்தே. அந்தப் பூத்தேயின் 'பி'தான் மகனுடைய பெயருக்கு முன்னால் நிற்கிறது. தமிழர் வழக்கமும் மலாய்க் கலைஞர் ஒருவரின் மேடைப் பெயரும் இப்படிச் சந்தித்துக்கொண்டது தற்செயலாக இருக்கலாம். அவருடைய கலை வாழ்க்கையில் நம்மவர்கள் வந்து சேர்ந்தது மட்டும் தற்செயல் அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரம்லியின் இயற்பெயர் தெக்கு ஜக்காரியா. 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தகப்பனார் சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்து குடியேறிய கப்பல் தொழிலாளி. பெரிய வசதி கிடையாது. பையன் மலாய்ப் பள்ளியிலும் பிறகு ஆங்கிலப் பள்ளிகளிலும் படித்தான். இடையில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். நம் தாத்தாமார்களை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன அதே காலம். பினாங்கில் ரம்லி ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சேர்ந்து ஜப்பானிய மொழியும் கற்க வேண்டியதாயிற்று. படிப்பைவிட இசையில்தான் அவருக்கு நாட்டம். கிடைத்த வாத்தியத்தை எல்லாம் எடுத்துப் பழகினார். போர் முடிந்த பின் நண்பர்களுடன் சேர்ந்து இசைக்குழு நடத்தினார். 1947-ல் வட மலாயாப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1948 ஜூன் மாதம், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விவசாயக் கண்காட்சி. மேடையில் ரம்லி தாமே இயற்றிய 'அஸீஸா' என்ற பாட்டைப் பாடினார். கூட்டத்தில் ஓர் இந்தியர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். மலாய் மொழியின் முதல் பேசும் படமான 'லைலா மஜ்னுன்' படத்தை 1930-களிலேயே சிங்கப்பூரில் எடுத்தவர் அவர்தான். போருக்குப் பிறகு ஷா பிரதர்ஸ் கம்பெனிக்காகச் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புதுக் குரல் தேடி ஊர் ஊராகச் சுற்றியவரின் காதில் இந்தக் குரல் விழுந்தது. 19 வயது ரம்லி சிங்கப்பூருக்கு ரயில் ஏறினார்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். மலாய்ப் படங்களை இந்திய இயக்குநர்கள் ஏன் எடுத்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அந்தக் காலத்தில் படம் எடுக்கும் தொழில் தெரிந்தவர்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும்தான் நிறைய இருந்தார்கள். ஷா பிரதர்ஸ் முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், பங்சாவான் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். இயக்குநர்கள் இந்தியர்கள். மூன்று இனமும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் அது. பங்சாவான் என்பதே 19-ஆம் நூற்றாண்டில் பம்பாயிலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்த பார்சி நாடகத்தைப் பார்த்து உருவானதுதான். அதே பார்சி நாடகம்தான் தமிழ்நாட்டுக்கும் போய், திரைச்சீலையும் ஆர்மோனியமுமாக நம் நாடகக் கம்பெனிகளை மாற்றியது. ஆக ஆட்டம், பாட்டு, அழுகை, சிரிப்பு எல்லாம் கலந்த அந்தக் கதை சொல்லும் முறை இரண்டு பக்கத்துக்கும் பழகிய ஒன்றுதான். பழைய மலாய்ப் படத்தைப் பார்க்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், "இது நம்ம படம் மாதிரியே இருக்கே" என்று சொல்வது வெறும் பேச்சல்ல.

ரம்லியின் முதல் படம் 'சிந்தா', 1948-ல் வந்தது. கதாநாயகன் ரூமாய் நூர். ரம்லிக்கு வில்லன் வேடம். வேடிக்கை என்னவென்றால் கதாநாயகனுக்குப் பின்னணி பாடியதும் ரம்லிதான்! முகம் வில்லனுக்கு, குரல் நாயகனுக்கு. மெலிந்த உடம்பு, முகத்தில் பருத் தழும்பு. இவரை நாயகனாகப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படிச் சில்லறை வேடங்களும் பின்னணிப் பாட்டுமாக ஓடின. அந்த இரண்டு ஆண்டும் அவர் சும்மா இருக்கவில்லை. கேமரா எப்படி வைக்கிறார்கள், படத்தை எப்படி வெட்டி ஒட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அவரை முதன்முதலில் நாயகனாக்கியவர் ஒரு தமிழர். பெயர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். மலாய் மொழி அவருக்கு அடுத்த வீட்டு மொழி. 1950-ல் தம்முடைய முதல் படமான 'பக்தி'யில் ரம்லியைத் துணிந்து கதாநாயகனாகப் போட்டார். இரவல் முகத்துக்குப் பாடியது போதும், உன் பாட்டை நீயே உன் வாயால் பாடு என்பது போல அந்தப் படம் அமைந்தது. பிறகு 'தக்டீர் இலாஹி', 'பெங்ஹிடுப்பான்' என்று இருவரும் தொடர்ந்தார்கள். நூறு வயதைக் கண்ட அந்தக் கிருஷ்ணனின் பெயரை நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நானே பயிற்சிக் கல்லூரியை முடித்து வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர் என்று இன்னும் சில பெயர்கள் அந்தப் படங்களின் எழுத்துக்களில் ஓடுகின்றன. வங்காளியான பணி மஜும்தார் இவர்களில் தனி. 1938-ல் கே. எல். சைகாலை வைத்து 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்தவர். சைகாலும் நடித்துக்கொண்டே பாடியவர் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதே கை 1956-ல் ரம்லியை வைத்து 'ஹங் துவா' என்ற வண்ணப் படத்தை எடுத்தது. மறு ஆண்டு பெர்லின் திரைப்பட விழா வரை அது போயிற்று. 'அனாக்கு சசாலி'யும் மஜும்தார் படம்தான். தாயில்லாத மகனுக்கு ஒரு பாடகர் செல்லம் கொடுத்துக் கொடுத்துக் கெடுத்து, கடைசியில் தானே போலீசுக்குச் சொல்லிப் பிடித்துக் கொடுக்கும் கதை. தகப்பனும் ரம்லி, வளர்ந்த மகனும் ரம்லி. தகப்பன் நடக்கும்போது தோள் தொங்கும், மகன் நிற்கும்போது தாடை நிமிரும். ஒரே ஆள் என்பதை மறந்துவிடுவோம். 1957-ல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது இந்த இரட்டை வேடத்துக்குக் கிடைத்தது.

இதற்கிடையில் 1955-லேயே 'பெனாரிக் பேச்சா' மூலம் இயக்குநராகிவிட்டார். வயது 26. ஒரு ரிக்‌ஷாக்காரனும் பணக்கார வீட்டுப் பெண்ணும் என்ற கதை. அதன்பின் கதை, வசனம், இசை, நடிப்பு, இயக்கம், பாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டார். எஸ். சம்சுடின், அஸீஸ் சத்தார் இருவருடன் சேர்ந்து அவர் செய்த 'பூஜாங் லாப்போக்' சிரிப்புப் படங்களை ரசிக்க மலாய் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. அவற்றில் 1961-ல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்' எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று வெட்டிப்பயல்கள் நடிக்க வாய்ப்புக் கேட்டு ஸ்டூடியோவுக்குப் போவார்கள். அந்த ஸ்டூடியோ வேறு எதுவுமல்ல, ஜாலான் அம்பாஸ்தான்! தான் வேலை பார்க்கும் இடத்தையே கேலி செய்ய எவ்வளவு தைரியம் வேண்டும்? அவருக்கு அது இருந்தது. 1957-ல் ஸ்டூடியோக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய சங்கமான பெர்சாமாவின் தலைவர் இவர்தான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பெனியின் பெரிய நட்சத்திரம் கூலி வாங்குகிறவர்கள் பக்கம் நிற்பது சின்ன விஷயமில்லை.

'இபு மெர்துவாக்கு' படத்தைப் பற்றிச் சொல்லும்போது என் ஆயாவைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அப்போது இங்கே மலைக்கு வர தாப்பா சாலை ஒன்றுதான். சிம்பாங் பூலாய் சாலை எல்லாம் பிற்காலத்தில் வந்தது. அத்தனை வளைவும் ஏறிப் படப்பெட்டி வரும். திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொழுந்து பறித்த கையோடு சனம் உட்கார்ந்திருக்கும். ஆயாவுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். ஆனால் இந்தப் படத்தை மட்டும் காட்சி காட்சியாகச் சொல்லும். அதற்கு எங்கள் லயத்தில் வைத்த பெயர் 'மாமியாக்காரி படம்'.

கஸ்ஸிம் செலாமாட் என்ற ஏழை வாத்தியக்காரன். பணக்காரி மகள் சபாரியா அவனைக் கட்டிக்கொள்கிறாள். மாமியார் சூழ்ச்சி செய்து இருவரையும் பிரித்து, மகள் செத்துவிட்டாள் என்று சொல்லிவிடுகிறாள். அழுது அழுது அவனுக்குக் கண் போகிறது. பினாங்கில் வேறு பெயரில் சாக்சபோன் வாசித்துப் புகழ் பெறுகிறான். ஒரு டாக்டர் பார்வையைத் திருப்பித் தருகிறார். கண் திறந்து பார்த்தால், அந்த டாக்டரின் மனைவியாக நிற்பவள் தன் சபாரியா! அடுத்து அவன் தன் கண்களுக்குத் தானே செய்துகொள்வதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆயா அந்த இடம் வந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும். "அவன் அழுதா மலாய்க்காரன் அழுற மாதிரியா இருந்திச்சி? நம்ம வூட்டு ஆம்பள அழுற மாதிரி இருந்திச்சி புள்ள" என்று சொல்லும். 1963-ல் தோக்கியோ விழாவினர் இந்தப் படத்துக்காக ரம்லிக்குப் பன்முகத் திறமையாளர் என்ற சிறப்பு விருதைக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் ஆயா கொடுத்ததும் அதற்குக் குறைந்த விருதல்ல.

1964-ல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளான் மெர்டேக்கா ஸ்டூடியோ. சொந்த நாட்டில் படத்தொழிலை வளர்க்கலாம் என்ற ஆசை. ஆனால் காலம் எதிராக இருந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் வந்ததால் அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1963 டிசம்பரில் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. சனங்கள் வண்ணப் படங்களைத் தேடி ஓடினார்கள். நம்மவர்களும்தான், எம்.ஜி.ஆர்., சிவாஜி வண்ணப் படங்களுக்கு வரிசையில் நின்றோம். மெர்டேக்காவில் கருவிகளும் குறைவு, பணமும் குறைவு. அங்கே 18 படங்கள் இயக்கினார். எல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லமாட்டேன். அவசரத்தில் செய்தது சிலவற்றில் தெரிகிறது. பழைய கூட்டாளிகள் இல்லாமல், பழைய பெயரை மட்டும் வைத்து ஓட்டிய வண்டி. சிங்கப்பூரில் அவரைக் கொண்டாடிய பத்திரிகைகளும் கேலி செய்யத் தொடங்கின. 1972-ல் வந்த 'லக்சமானா டோ ரே மி' கடைசிப் படம்.

1973 மே 29-ஆம் நாள் விடியற்காலையில் மாரடைப்பு. வயது 44. கையில் பெரிய பணம் இல்லை. மனைவி சலோமா, தாமும் பெரிய பாடகி, பத்து ஆண்டுகள் கழித்து 1983-ல் மறைந்தார். இருவரும் ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையத்துக் கொல்லையில் அடக்கமாகியிருக்கிறார்கள். மரியாதைகள் எல்லாம் பிறகு வந்தன. கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர், 1986-ல் அவர் குடியிருந்த செத்தாப்பாக் வீட்டில் நினைவகம், 1990-ல் டான் ஸ்ரீ பட்டம்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருக்கும். நம் ஜே. பி. சந்திரபாபு. 1927-ல் தூத்துக்குடியில் பிறந்து, சிறு வயதில் கொழும்பில் வளர்ந்து, நடித்து, பாடி, ஆடி, 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று தாமே ஒரு படமும் இயக்கி, ரம்லி போன மறு ஆண்டு 1974 மார்ச்சில் 46 வயதில் போய்விட்டார். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களோ இல்லையோ, கடலின் இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே வாழ்க்கை.

அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்ததல்லவா? மறு வாரம் மடிக்கணினியைக் கொண்டுபோய் 'பக்தி' படத்தின் தொடக்கத்தை வகுப்பில் போட்டுக் காட்டினேன். எழுத்துக்கள் ஓடின. பிள்ளைகள் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள். இயக்குநர் பெயர் வந்ததும் பின் வரிசையிலிருந்து அவன் துள்ளி எழுந்தான். "டீச்சர், கிருஷ்ணன்! எல். கிருஷ்ணன்! இவருக்கும் முன்னால எழுத்து இருக்கு!" என்றான். படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டேன். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.