வானதி: ஒரு பெயர் வந்த வழி

ஸ்பிரிங்வேலில் இருந்து இன்று ஒரேயொரு பெண் பெயரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வானதி.

முதலில் பொருள். வான் தமிழ்ச்சொல், நதி வடசொல். வான் + நன்று 'வானன்று' ஆவதுபோல வான் + நதி 'வானதி' ஆகிறது. நன்னூல் சொல்லும் புணர்ச்சிதான். பொருள் ஆகாயகங்கை. இங்கே ஆங்கில எழுத்தில் எழுதி, கடைசி எழுத்தை அழுத்தி வாசிக்கும்போது அந்த நதி காணாமற் போய்விடுகிறது. ஆகவே பெயரின் பொருளைப் பிள்ளைக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? "இது சோழ இளவரசியின் பெயர்" என்கிறோம். முதலாம் இராஜராஜனின் மனைவி, இராஜேந்திரனின் தாய் என்கிறோம். கல்வெட்டுகளைப் பார்த்தால், இராஜேந்திரனின் தாய் பெயர் திரிபுவன மாதேவி என்ற வானவன் மாதேவி. இராஜராஜனின் தாயும் ஒரு வானவன் மாதேவிதான். இவை அரசியருக்குரிய பட்டப்பெயர்கள். வீட்டில் கூப்பிடக்கூடிய 'வானதி'யை நமக்குத் தந்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' வழியாகத்தான் குந்தவை, பூங்குழலி, வானதி எல்லோரும் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் அந்தக் கதையைக் காத்திருந்து வாசித்தார்கள். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது, நாவலை வாசிக்காத தலைமுறைக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் இது வெறும் கற்பனைப் பெயரா? அப்படித் தள்ளிவிடவும் முடியாது. நாவலில் வானதியின் தந்தை கொடும்பாளூர்ச் சிறிய வேளார். அவர் கற்பனை அல்ல. சுந்தர சோழர் காலத்தில் ஈழப்போரில் பட்டவர் என்று கல்வெட்டே சொல்கிறது. கல்கி அந்தச் செய்தியை எடுத்து, போரில் தந்தையை இழந்த ஒரு பெண்ணை உருவாக்கினார். தாயும் இல்லாத அவளைக் குந்தவை தன்னோடு வைத்து வளர்க்கிறாள். வானதியின் மகன் பெரும் புகழ் பெறுவான் என்று குடந்தை சோதிடர் சொல்கிறார். வரலாற்றில் இராஜேந்திரன் கங்கைநீரைக் கொண்டுவரச் செய்து 'கங்கைகொண்டான்' ஆனான். கதையில் அவனுடைய தாய்க்கு ஆகாயகங்கையின் பெயர்.

ஈழத்தில் நடந்த போர் ஒன்றில் தகப்பனை இழந்த பெண்ணின் கதை, இந்த ஊரில் பலருக்குப் பழங்கதை அல்ல. எங்கள் தெருக்களில் வியட்நாமியரும் கம்போடியரும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அப்படித்தான்.

எனவே என் வேண்டுகோள் சிறியது. பிள்ளை ஒருநாள் இணையத்தில் தேடிப்பார்த்து, "கல்வெட்டில் என் பெயர் இல்லையே அம்மா" என்று கேட்கும். அதற்கு முன் நாமே உள்ளதைச் சொல்லிவிடுவோம். பெயர் கல்கி வைத்தது. தகப்பன் கல்வெட்டில் இருக்கிறார். பொருள் வானத்து ஆறு. பிள்ளை தன் பெயரை மதிக்க இது போதும்; ஆயிரம் ஆண்டுப் பழமையைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.