ஆபிரிக்க விடுதலையும் இலங்கையின் வாக்கும்

அந்நிய ஆட்சியை அசைப்பது ஆயுதம் ஒன்றே எனக் கருதுவோர் பலர். உலக அபிப்பிராயத்துக்கும் வலிமை உண்டென்பதை ஆபிரிக்க விடுதலை வரலாறு உணர்த்துகின்றது. அவ்வரலாற்றில் நம் சிறு தீவுக்கும் பங்குண்டு.

1954ஆம் ஆண்டு இலங்கை, இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிற் கூடினர். அங்கு முளைத்த எண்ணமே 1955 ஏப்ரலிற் பாண்டுங் மாநாடாக விளைந்தது. 29 நாடுகள் பங்குபற்றிய அம்மாநாடு அல்ஜீரியா, மொரோக்கோ, தூனிசியா மக்களின் சுயநிர்ணய உரிமையை ஆதரித்தது. குடியேற்ற ஆட்சி எவ்வுருவில் வரினும் தீதே என்றும் அறிவித்தது. கிழக்கு ஐரோப்பாவிற் சோவியத் ஆதிக்கத்தையும் அவ்வுருக்களுள் ஒன்றாக எண்ணல் வேண்டுமென அங்கு வாதிட்டவர் நம் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை. ஆயின், அவர் அவ்வாறு பேசியபொழுது நம் திருகோணமலையிற் பிரித்தானியக் கடற்படைத்தளம் இருந்தது என்பதையும் மறைத்தலாகாது. அது 1957இலேயே நம் கைக்கு வந்தது.

1955 டிசம்பர் 14இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்றது. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1960 டிசம்பர் 14இல், குடியேற்ற நாடுகளுக்குச் சுதந்திரம் வழங்கும் பிரகடனம் அச்சபையில் நிறைவேறியது. ஆதரித்த 89 வாக்குகளுள் இலங்கையின் வாக்கும் ஒன்று. பிரித்தானியா, பிரான்சு, போர்த்துக்கல், அமெரிக்கா உள்ளிட்ட ஒன்பது நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றேனும் இல்லை. ஆண்டோரும் எதிர்க்க நாணினர் என்பதே இதன் பொருள்.

எனினும், தீர்மானம் தானாக விலங்கை முறித்துவிடவில்லை. அல்ஜீரியா 1962 வரையும், அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975 வரையும், நமீபியா 1990 வரையும் காத்திருக்க நேர்ந்தது. குருதி சிந்தியோர் அம்மக்களே. உலகம் செய்தது, ஆள்வோரிடம் எஞ்சியிருந்த நியாயத்தைப் பறித்தமையாகும். அப்பணியிற் பெருநாட்டின் வாக்கும் சிறுநாட்டின் வாக்கும் ஒரே நிறையுடையன.