ரொட்டி பகையான வரலாறு

'இவ்வுணவு எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று பந்தியில் ஒருவர் கூறினால், அதனைப் பாசாங்கு என எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊரார் அனைவர்க்கும் உரமளிக்கும் உணவு ஒருவருக்கு மட்டும் எங்ஙனம் தீங்கு செய்யும் என்பதே நம் ஐயம். மருத்துவ உலகமும் இவ்வையத்தில் நெடுங்காலம் உழன்றது. சீலியாக் நோயின் வரலாறு அதற்குச் சான்று.

உண்டது செரியாமல் கழிந்து உடல் மெலியும் இந்நோயைக் கப்படோசியா நாட்டுக் கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ் பண்டே விவரித்துள்ளார். வயிற்றைக் குறிக்கும் 'கொய்லியா' என்னும் கிரேக்கச் சொல்லே நோய்ப்பெயரின் வேர். பல நூற்றாண்டுகள் கழித்து, 1888-இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, குழந்தைகளை வாட்டும் இந்நோயைத் தெளிவுற எழுதினார். இது குணமாகுமெனில் உணவால்தான் குணமாகும் என்று அவர் துணிந்தார். துணிபு சரியே, ஆயின் அவர் வகுத்த பத்தியத்தைப் பாருங்கள்! அரிசி ஆகாது என விலக்கியவர், மெல்லிதாக அரிந்து இருபுறமும் வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். விலக்க வேண்டியது தட்டில் இருந்தது, தீங்கற்றது விலக்கப்பட்டது. நாள்தோறும் மட்டிச் சிப்பி உண்டு தேறிய ஒரு குழந்தை, சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிவுற்றதையும் அவரே பதிவு செய்துள்ளார்.

1924-இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியத்தை அறிவித்தார். குழந்தைகள் தேறினர். புகழ் வாழைப்பழத்துக்குச் சேர்ந்தது. அப்பத்தியத்தில் ரொட்டி இடம்பெறவில்லை என்பதன் பொருளை எவரும் உணரவில்லை. நோய் தீர்ந்தால் 'எதைக் கொடுத்தோம்' என்று வினவுவது மனித இயல்பு. 'எதைக் கொடாமல் விட்டோம்' என்று வினவுதல் அரிது.

அவ்வினாவை எழுப்பியவர் தி ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் வில்லெம் டிக்கெ. ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தையின் உடல்நிலை தேறியதாக ஒரு தாய் கூறியதே அவரது கவனத்தை ஈர்த்தது என்பர். 1930-களிலேயே அவர் கோதுமையை ஐயுற்றார். பின்னர் வந்தது 1944-45 பஞ்சக் குளிர்காலம். செருமானிய ஆக்கிரமிப்பின்கீழ் மேற்கு நெதர்லாந்துக்கு உணவுப்போக்குவரத்து தடைப்பட, மக்கள் டியூலிப் கிழங்குகளையும் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். நாடே மெலிந்த அந்நாளில் சீலியாக் குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் கிடைத்தபோது நலிந்தனர். பஞ்சமே இவ்வுண்மையைக் கண்டறிந்தது என்பது பரவலான கதை. நாம் அவ்வாறு கருதவில்லை. முன்னரே ஐயுற்றிருந்த கண்ணுக்கே பஞ்சம் சான்றாயிற்று.

போருக்குப்பின் டிக்கெ பொறுமையாகச் சோதித்தார். கோதுமையைச் சேர்த்தும் நீக்கியும் குழந்தைகளின் எடையைக் குறித்தார். 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை அளித்தார். வான் டி காமர், வையர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, மலத்தில் கழியும் கொழுப்பை அளந்து, தீங்கு மாவுச்சத்தில் இல்லை, குளூட்டன் என்னும் புரதத்தில் உள்ளது என நிறுவினார். குளூட்டனைக் கண்டதும் உடலின் தற்காப்பாற்றலே சிறுகுடற் சுவரைச் சிதைக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின. எனவே இது பால் செரியாமை போன்ற எளிய ஒவ்வாமை அன்று. மிகச் சிறு அளவும் கேடு செய்யும்.

இன்று குருதிச் சோதனையாலும் சிறுகுடல் திசு ஆய்வாலும் நோயை உறுதிசெய்ய இயலும். ஐயம் எழுந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்துதல் தவறு; நிறுத்தியபின் சோதித்தால் நோய் மறைந்துகொள்ளக்கூடும். உறுதியானபின் வாழ்நாள் முழுதும் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை விலக்குவதே மருந்து. அரிசியும் கம்பும் கேழ்வரகும் தினையும் உண்ணலாம் என்பது நமக்கு ஆறுதல். எனினும் ரவை, மைதா, சேமியா ஆகிய மூன்றும் கோதுமையே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. ஆகவே சாம்பாரும் ரசமும்கூட ஐயத்துக்கு உரியனவே.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் உடலோடு மாறுபடாத உணவையே வலியுறுத்தினார். எது மாறுபடும் என்பதை அறிய, உண்பவர் சொல்லைச் செவிமடுத்தல் வேண்டும். அந்தத் தாயின் சொல்லை டிக்கெ புறந்தள்ளியிருப்பின் எத்தனை குழந்தைகள் வாட்டிய ரொட்டியோடு மடிந்திருப்பர்! அடுத்த பந்தியில் எவரேனும் இலையில் ஒன்றை ஒதுக்கினால், வற்புறுத்தாதிருப்போம்.