நீலத் தட்டில் வங்காளத்துப் புலி

லேக் கார்டன்ஸ் பக்கம் பழைய வங்காளி வீடுகளுக்குப் போனால், சில சமயம் சுவரில் நீலமும் வெள்ளையுமாக இங்கிலீஷ் பீங்கான் தட்டுகள் தொங்கும். நம்ம ஆட்களுக்கும் இப்போது அந்த ஆசை வந்துவிட்டது. ரவீந்திர சரோபரில் மெட்ரோ ஏறி பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் ரஸ்ஸல் தெரு. 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஏலக்கடை அங்கேதான். வாங்கும் முன் கதையைக் கேளுங்கள்.

"கையால் வரைந்தது சார்" என்பார்கள். நம்பாதீர்கள். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, கோபால்ட் மை தடவி, மெல்லிய காகிதத்தில் அச்செடுப்பார்கள். அதை ஒருமுறை சுட்ட தட்டின்மேல் ஒட்டித் தேய்த்துக் கழுவினால் காகிதம் போய்விடும், மை தங்கிவிடும். அப்புறம் மெருகு பூசி மறுபடி சூளை. அந்தச் சூட்டை நன்றாகத் தாங்கியது கோபால்ட் என்பதால்தான் எல்லாம் நீலம். ஸ்டோக் நகரத்து ஜோசையா ஸ்போட் இதை 1784 வாக்கில் செம்மைப்படுத்தினார். ஓரத்துப் பூவேலை எங்காவது சரியாகச் சேராமல் வெட்டுப்பட்டிருக்கும். காகிதம் ஒட்டிய அடையாளம் அது.

நமக்கு முக்கியம் படங்கள். வங்காளப் படையில் இருந்த கேப்டன் தாமஸ் வில்லியம்சன், 1798-இல் கல்கத்தா பத்திரிகையில் ராணுவ விஷயம் எழுதியதால் இடைநீக்கமாகி ஊர் திரும்பினார். அங்கே அவர் போட்ட வேட்டைப் புத்தகத்துக்கு ஓவியர் சாமுவேல் ஹோவிட் படம் அமைத்தார். அதிலிருந்து ஸ்போட் நிறுவனம் 1815 வாக்கில் ஒரு முழு விருந்து செட்டே அச்சடித்தது. புலி, கரடி, யானை எல்லாம் சீமைச் சாப்பாட்டு மேஜைக்குப் போயின!

1786-இல் கல்கத்தா வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1792-இல் நம் மதுரை, தஞ்சை வரை வரைந்து போனவர்கள். அவர்களுடைய 144 இந்தியக் காட்சிகள் 1795 முதல் 1808 வரை வெளிவந்தன. அதில் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா பக்கத்து இடிபாடு ஒன்று, ஜான் ராஜர்ஸ் தட்டில் 'மோனாப்டெராஸ்' என்ற கிரேக்கப் பெயரோடு உலா வருகிறது.

இதுதான் உறுத்துகிறது. இடம் நம்முடையது, பெயர் அவர்களுடையது. துப்பாக்கிக்காரர்தான் நாயகன், யானைப்பாகனுக்குப் பெயரே இல்லை. அழகான பொருள்தான், மறுக்கவில்லை. தாராளமாக மாட்டுங்கள். சாப்பிட மட்டும் வேண்டாம், பழைய மெருகில் ஈயம் உண்டு. "இது யாருப்பா?" என்று பிள்ளைகள் கேட்டால், துரையைக் காட்டி நிறுத்திவிடாமல் அந்தப் பாகனையும் காட்டுங்கள்.