கொடுக்கிணைப்பு மருத்துவம்: வீடும் மருத்துவமனையும்

உடலில் சேர்ந்த ஈயம், ஆர்செனிக் போன்ற நச்சு உலோகங்களை மருந்தால் பற்றி வெளியேற்றுவது கொடுக்கிணைப்பு மருத்துவம் (கீலேசன்) எனப்படும். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆர்செனிக் கலந்த லூயிசைட் என்னும் போர் நச்சுக்கு முறிவாக ஆக்சுபோர்டில் டைமெர்காப்ரால் உருவாக்கப்பட்டது. 1950களில் ஈ.டி.டி.ஏ. ஈய நச்சுக்குப் பயன்பட்டது. 1991இல் விழுங்கும் மருந்தான சக்சிமருக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேலுள்ள குழந்தைகளுக்கே.

தடுப்பூசியிலிருந்த பாதரசச் சேர்மமே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து பின்னர் அங்கே பரவியது. ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கவில்லை. ஆனால் பேச்சு வராத பிள்ளையோடு காத்திருந்த பெற்றோருக்கு, உலோகத்தை அகற்றினால் குணமாகும் என்ற சொல்லே பற்றுக்கோடாயிற்று. சீட்டின்றிக் கிடைத்த மாத்திரை, சொட்டு மருந்துகளைச் சிலர் வீட்டிலேயே கொடுத்தனர்.

இம்மருந்துகளில் சில, உடலுக்குத் தேவையான உலோகங்களையும் பற்றிக்கொள்ளும். 2005இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசமுள்ள ஐந்து வயதுச் சிறுவனுக்குக் கால்சியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ.வுக்குப் பதிலாகச் சோடியம் உப்பு ஏற்றப்பட்டது. இரத்தக் கால்சியம் சரிந்து இதயம் நின்றது. அது வீடல்ல, மருத்துவரின் சிகிச்சையகம். மருத்துவர் உடனிருந்தார் என்பதும் போதவில்லை. தேவையே இல்லாத மருந்து அது.

2008இல் ஆட்டிசத்துக்கான சக்சிமர் ஆய்வுத் திட்டத்தை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் கைவிட்டது. 2010இல் எட்டு விற்பனை நிறுவனங்களை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

உண்மையான ஈய நச்சிலோ, சக்சிமரை வீட்டில் கொடுக்க மருத்துவர் இசைவதுண்டு. ஆனால் உதிரும் பழைய சுவர்ப்பூச்சு போன்ற ஈய மூலம் முதலில் அகற்றப்பட வேண்டும். மருந்து நின்றபின் எலும்பிலுள்ள ஈயம் மீண்டும் இரத்தத்தில் கலப்பதால், சில வாரங்களில் மறுபரிசோதனையும் நடக்கும்.