சிலம்பம்

சிலம்பம் நீள மூங்கில் கம்பைக் கொண்டு ஆடப்படும் தமிழர் போர்க்கலை. தமிழ்நாடு முழுவதும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழரிடமும் இது வழங்குகிறது. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் இதற்கு நெருங்கிய உறவான கலை கர்ர சாமு எனப்படும். பார்ப்பவர் கண் கம்பின் சுழற்சியில் நிற்கும். கலையின் உயிரோ ஆடுபவரின் காலடியில் இருக்கிறது.

தோற்றம்

ஆடுமாடு மேய்ப்பவரும் வழிப்போக்கரும் காவல்காரரும் கையோடு வைத்திருந்த கம்பே இக்கலையின் அடிப்படை. அகத்தியர் பெயரில் கம்பு சூத்திரம் என்ற நூல் வழங்குகிறது. ஆனாலும் பெரும்பகுதி ஏட்டில் ஏறாமல், ஆசான் சொல்லிக் காட்ட மாணவர் செய்து பழகும் வழியிலேயே நிலைத்தது. அதனால் ஊருக்கு ஊர் வரிசைகள் மாறும். நாகம் பதினாறு, குறவஞ்சி, துளுக்காணம், நிலைக்கலக்கி, கள்ளப்பத்து போன்றவை புகழ்பெற்ற ஆட்ட வகைகள்.

1799இல் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், திருநெல்வேலிச் சீமைப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மேன் ஆணையிட்டார். 1801இல் கர்நாடக நவாபின் நாடு கம்பெனியின் கைக்குப் போன பின், சித்தூர்ப் பாளையக்காரர்களும் கிளர்ந்தெழுந்து சில ஆண்டுகளில் அடக்கப்பட்டனர். வீரர்களைப் பேணிய பாளையங்கள் ஒடுங்கியதால் படைக்கலப் பயிற்சி ஆதரவை இழந்தது. மிஞ்சிய கலையைக் கோயில் திருவிழாவும் ஊர்ச் சிலம்பக் கூடமும் காப்பாற்றின.

கம்பு

கம்பின் உயரம் ஆடுபவரின் நெற்றியளவு, ஏறத்தாழ ஐந்தரை அடி. முற்றிய கெட்டி மூங்கிலை வெட்டி, நீரில் ஊறப்போட்டு, அனலில் காட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசிப் பதப்படுத்துவார்கள். முனை பிளக்காமலிருக்கப் பூண் போடுவதும் உண்டு. திருவிழா ஆட்டத்தில் இரு முனையிலும் துணி சுற்றித் தீமூட்டினால் அது பந்தம். கம்பில் தேர்ந்தவர் மான்கொம்பு, சுருள்வாள், வாள், வேல் ஆகியவற்றையும் பழகுவர். வெறுங்கையால் போரிடுவது குத்துவரிசை.

பயிற்சி

பயிற்சி சலாம் வரிசையில் தொடங்கும். மண்ணைத் தொட்டு, ஆசானையும் அவையையும் வணங்கிய பிறகே கம்பைச் சுழற்றுவார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கற்பிப்பது காலடி. முன்வைப்பு, பின்வைப்பு, பக்கம் மாறுதல், திரும்புதல் ஆகியவை உடலில் ஊறிய பின்பே வீச்சுக்குப் போவார்கள்.

கம்பின் ஒரு நுனியருகே இரு கைகளாலும் பிடித்து, மணிக்கட்டை மடக்கி விரித்து, உடலின் இடமும் வலமும் மாறி மாறிச் சுழற்றுவது அடிப்படை வீச்சு. இடப்பக்கம் சுழலும்போது வலக்கால் முன்னேறும். கம்பு தலைக்கு மேல் போகும்போது உடல் திரும்பும். கையும் காலும் ஒரு கணம் பிசகினால் கம்பு சொந்த முழங்காலிலேயே படும். கண் எதிராளியை விட்டு விலகக் கூடாது. வெட்டு, குத்து, வாரல், தடுப்பு எல்லாம் இந்தச் சுழற்சிக்குள்ளிருந்தே பிறக்கின்றன. வாரல் என்பது எதிராளியின் காலை வாரி வீழ்த்துவது. பலர் சூழ்ந்து தாக்கும்போது ஒருவரே நாற்புறமும் தடுத்து ஆடுவது படைவீச்சு.

போட்டியில் அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. கம்பு முனையால் எதிராளியைத் தொட்டால் புள்ளி. முனையில் வண்ணம் தோய்த்து, எதிராளியின் நெற்றியில் பொட்டு வைத்தவரை வென்றவராகக் கொள்ளும் பழைய வழக்கமும் உண்டு. தனித்திறன் போட்டியில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு வீச்சுகளின் நேர்த்திக்கு மதிப்பெண் தருவர்.

சித்தூர், திருப்பதி வட்டாரம்

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்கு முன் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. அம்மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு இப்படி மாறினாலும், இருமொழி பேசும் ஊர்களின் வழக்கங்கள் கலந்தே கிடக்கின்றன. தெலுங்கில் கர்ர என்பது கம்பு, சாமு என்பது உடற்பயிற்சி. நெற்றியுயரக் கம்பு, குரு வணக்கம், திருவிழா ஊர்வலத்தில் ஆட்டம் எனக் கர்ர சாமுவுக்கும் சிலம்பத்துக்கும் பொதுவானவை பல.

இன்றைய நிலை

ம. கோ. இராமச்சந்திரன் ரிக்‌ஷாக்காரன் (1971) முதலிய படங்களில் கம்பு சுற்றிக் காட்டியது இக்கலைக்குப் பெரும் கவனத்தைத் தந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளி மாணவிகள் பலர் இன்று கூடங்களில் கற்கிறார்கள்.

பெரும்பகுதி ஏட்டில் ஏறாத இக்கலையை எழுதி வைப்பதும் வேண்டும்; போர்க்கலைகளைப் பதிவுசெய்து காப்பதற்குக் கொரியா நல்ல சான்று. அங்கே 1790இல் அரசர் சோங்ஜோவின் ஆணைப்படி 24 போர்த்திறன்களைப் படத்துடன் விளக்கும் முயே தோபோ தோங்ஜி தொகுக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் நலிந்த தேக்கியோன் என்னும் கால்வீச்சுக் கலையை சோங் தோக்கி என்ற முதியவர் காத்துக் கற்பித்தார். 1983இல் அந்நாடு அதைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது, 2011இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது சேர்ந்தது. சிலம்பத்தின் வரிசைகளும் அப்படிப் பதிவாக வேண்டும். திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் சித்தூர் மாவட்டக் குப்பத்தில்தான் இருக்கிறது. சிலம்பத்தையும் கர்ர சாமுவையும் அடுத்தடுத்து வைத்துப் படமெடுத்து, காலடி காலடியாக எழுதி வைக்க அதைவிடப் பொருத்தமான இடமில்லை. மூத்த ஆசான்கள் இருக்கும்போதே அந்த வேலை தொடங்க வேண்டும்.