கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு ரப்பர் குழாய்

கார் முதல் கியரை விட்டு நகர மாட்டேன் என்கிறது. எஞ்சின் கத்தித் தீர்த்த பிறகு, தடால்னு ஓர் உதையோடு இரண்டாவது விழுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை. கியர்பாக்ஸ் ஆயில் குறைந்திருக்கிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஒழுகலைக் காணோம். 1970களில் அமெரிக்காவில் ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் கார் இப்படி வந்து நின்றால், எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டுமே போச்சு என்றுதான் ஓனருக்குத் தோன்றும். இரண்டுமே நன்றாக இருக்கலாம்.

காரணம் புரிய, அந்த கியர்பாக்ஸ் எப்படி 'யோசித்தது' என்று பார்க்கணும். ஏர்ல் தாம்ப்சன் தலைமையில் உருவான ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்தது. (அடுத்த சில வருடங்களில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியிலும் அதையே போட்டார்கள்.) அதில் கம்ப்யூட்டர் கிடையாது. எப்போது கியர் மாற்றுவது என்பதை எண்ணெயின் அழுத்தமே முடிவு செய்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு வந்த பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளிலும் இதே கதைதான்.

ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு வால்வு. அதன் ஒரு முனையைத் தள்ளுவது கவர்னர் அனுப்பும் அழுத்தம். வண்டி வேகமெடுக்க இது கூடும். எதிர்முனையில் ஒரு ஸ்பிரிங்கும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் இன்னோர் அழுத்தமும். வேகம் ஜெயித்தால் அடுத்த கியர். நாங்கள் கோடில் எழுதும் ஒரு 'இஃப்' வரி, அவ்வளவுதான்.

1964இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400, மிதியின் அளவை எஞ்சினின் வெற்றிடத்திலிருந்து தெரிந்துகொண்டது. லேசாக மிதித்தால் வெற்றிடம் அதிகம், அழுத்தி மிதித்தால் குறைவு. இதைக் கியர்பாக்ஸில் இருக்கும் மாடுலேட்டர் என்ற டப்பாவுக்குக் கொண்டுபோவது ஒரு மெல்லிய குழாய். அதன் ரப்பர் விரிசல் விட்டால் வெற்றிடம் போய்ச் சேராது. ஓட்டுநர் முழுசாக மிதிக்கிறார் என்று கியர்பாக்ஸ் நம்பிவிடும். அப்புறம் என்ன, தாமதமும் உதையும்தான். மாடுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் கிழிந்தாலோ, அதே குழாய் வழியாக எஞ்சின் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை அதுதான். குழாயைப் பிடுங்கிப் பார்த்து, உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டரை மாற்றினால் போதும். கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம்.

இதற்கு நேரெதிரானது 1982இல் வந்த 700ஆர்4. இதில் வெற்றிடக் குழாய்க்குப் பதில், ஆக்சிலரேட்டர் பக்கமிருந்து வரும் ஒரு கேபிள். அது தளர்ந்தால் அழுத்தம் குறைந்து, கியர்கள் சீக்கிரமாக, பஞ்சு மாதிரி மென்மையாக விழும். என்னைக் கேட்டால் இதுதான் மோசமான கோளாறு. வண்டி சுகமாக ஓடுவதால் யாரும் மெக்கானிக்கிடம் போக மாட்டார்கள். உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கி வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை வரும்போது காலம் கடந்திருக்கும்.

கார் முதல் கியரிலேயே நின்றுவிட்டால் சந்தேகம் கவர்னர் மேல். அதைச் சுழற்றும் நைலான் பற்சக்கரம் தேய்ந்துபோனால், வண்டி எவ்வளவு ஓடினாலும் கியர்பாக்ஸுக்கு வேகம் பூஜ்ஜியம்.

அந்தக் கால மெக்கானிக்குக் கோளாறு எண் காட்டும் திரை கிடையாது. கியர்பாக்ஸில் உள்ள ஒரு திருகைக் கழற்றி பிரஷர் கேஜை மாட்டுவார், கேபிளை இழுத்துப் பார்ப்பார், முள் எப்படி நகர்கிறது என்று கவனிப்பார். 1993இல் அந்த 700ஆர்4 வம்சத்திலேயே 4எல்60-ஈ வந்து, முடிவெடுக்கும் வேலை கம்ப்யூட்டருக்குப் போனது. அதுவும் கேட்கிற முக்கியமான கேள்விகள் அதே இரண்டுதான்: எவ்வளவு வேகம், எவ்வளவு மிதி? மிதியைச் சொல்லும் சென்சார் தேய்ந்து தப்பாகச் சொன்னால், இதிலும் கியர் கண்ட நேரத்தில்தான் விழும்.